எல்லோரிடமும் எரிந்து விழுகிறவருக்கு வந்தது மனச்சோர்வுதானா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய அண்ணன் இளவயதிலிருந்தே எடுத்தெறிந்து பேசுகிறவர். யாரையும் சட்டென்று நம்பமாட்டார், தன் தப்பை ஒப்புக்கொள்ளமாட்டார், எதிரில் இருப்பவரை மட்டம் தட்டாமல் அவருக்குப் பேச்சே வராது. சில மாதங்களாக இது முற்றிப்போய், வேலை போய், தூக்கமும் கெட்டு, கடைசியில் மனநல மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் யாராலும் நம்ப முடியவில்லை. "மனச்சோர்வு வந்தவர்கள் அழுவார்கள், ஒடுங்கிக் கிடப்பார்கள். இவர் எங்களை அல்லவா அழவைக்கிறார்? இது நோயா, குணமா? குணம்தான் நோயைக் கொண்டுவந்ததா? மாத்திரை சாப்பிட்டால் குணம் மாறுமா?" என்று கேட்கிறார்கள்.

மூன்று கேள்விகளுமே நியாயமானவை. ஆனால் 'பகைமைக் குணம்' என்று நாம் சேர்த்துச் சொல்வதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சில சங்கதிகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் பதில் சொன்னால் தப்பாகிவிடும்.

மனித குணங்களை ஐந்து பெரும் பிரிவுகளாக அளக்கும் முறை உளவியலில் பல காலமாக இருக்கிறது. அதில் ஒன்று இணங்கிப்போகும் குணம். அதன் எதிர்முனைதான் பகைமைப் போக்கு. 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில், ஆளுமைக் கோளாறுகளுக்கான மாற்று முறை ஒன்றைத் தனிப்பகுதியாகச் சேர்த்தார்கள். பகைமைப் போக்கின் கூறுகளாக அதில் வருபவை: பிறரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்தும் சூழ்ச்சி, ஏமாற்று, தன்னைப் பற்றிய மிகையான எண்ணம், எல்லோர் கண்ணும் தன்மேல் இருக்கவேண்டும் என்ற ஆசை, இரக்கமின்மை, பகையுணர்ச்சி. கடைசியாகச் சொன்ன பகையுணர்ச்சி, அதாவது அடிக்கடி சினம் வருவதும் சிறு அவமதிப்புக்கும் பொங்குவதும், அந்த நூலில் இரண்டு இடங்களில் வருகிறது. பகைமைப் போக்கின் கீழும் இருக்கிறது. கவலை, கலக்கம், சோர்வு இவற்றோடு சேர்ந்த எதிர்மறை உணர்ச்சிப் பிரிவின் கீழும் இருக்கிறது. பழைய ஐந்து குண அளவுகோலிலும் இப்படித்தான். அதில் கோபம் கலந்த பகையுணர்ச்சியை நியூரோட்டிசிசம் எனப்படும், எளிதில் கலங்கும் குணத்தின் ஒரு கிளையாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது என்பது என் எண்ணம். பகைமைக் குணத்தில் சூடான பக்கம் ஒன்று உண்டு: சினம், சந்தேகம், மனக்கசப்பு, 'எல்லோரும் என்னை ஏய்க்கிறார்கள்' என்ற நினைப்பு. குளிர்ந்த பக்கமும் ஒன்று உண்டு: கணக்குப் போட்டுப் பழகுவது, பொய், பிறர் வலி தன்னைத் தொடாமல் இருப்பது. வெளியிலிருந்து பார்க்கும் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் வலிக்கும். மனச்சோர்வோடு உள்ள உறவில் இரண்டும் வேறு வேறு.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. ரோமன் கோடோவ் குழுவினர் 2010இல், 1980 முதல் 2007 வரை வெளியான 175 ஆய்வுகளைத் திரட்டி, குணங்களுக்கும் மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார்கள். எளிதில் கலங்கும் குணம் எல்லா நோய்களிலும் மிக வலுவாகத் தெரிந்தது. பொறுப்போடு ஒழுங்காகச் செயல்படும் குணம் குறைந்திருப்பதும் தெரிந்தது. இணங்கிப்போகும் குணத்துக்கோ பெரும்பாலும் தொடர்பே இல்லை. அதாவது ஒருவர் இணங்காதவர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவருக்கு மனச்சோர்வு இருக்குமா இல்லையா என்று சொல்லவே முடியாது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ சம்பந்தமே இல்லையா' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சராசரியில் ஒன்றும் இல்லை என்றால், உள்ளே இரண்டு வேறுபட்ட ஓட்டங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டும் இருக்கலாம். சினம் உள்ளவர்கள் ஒரு பக்கம் சோர்வில் விழுகிறார்கள். மறு பக்கம், யாரிடமும் முகம் கோணாமல், தன் வருத்தத்தை விழுங்கி விழுங்கியே விட்டுக்கொடுத்துப் போகிறவர்களும் விழுகிறார்கள். இருவரையும் சேர்த்துக் கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வரும். இது என் ஊகம்தான் என்றாலும், பகைமையைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளும் இந்தத் திசையைத்தான் காட்டுகின்றன.

இரக்கமும் குற்றவுணர்ச்சியும் இல்லாத ஆளுமைப் போக்கான சைக்கோபதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அளக்க ராபர்ட் ஹேர் என்ற உளவியலாளர் உருவாக்கிய பட்டியலில் 20 அம்சங்கள் உண்டு. அவை இரண்டு கொத்துகளாகப் பிரிகின்றன. முதல் கொத்தில் கவர்ச்சியான பேச்சு, தற்பெருமை, குற்றவுணர்ச்சி இல்லாமை, இரக்கமின்மை. இரண்டாவதில் திடீர் ஆவேசம், பொறுப்பின்மை, அடக்க முடியாத கோபம், சிறுவயதிலிருந்தே நடத்தைச் சிக்கல்கள். முதல் கொத்து அதிகமாக இருப்பவர்களிடம் சோர்வும் பதற்றமும் கூடுவதில்லை. சில ஆய்வுகளில் குறைவாகவே இருக்கின்றன. இரண்டாவது கொத்து அதிகமாக இருப்பவர்களிடம் சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடுதலாகக் காணப்படுகின்றன.

தன்னையே உயர்வாகப் பார்க்கும் நார்சிசத்திலும் இதே பிளவு. மார்தட்டிக்கொள்ளும் வகையினர் பொதுவாகத் தங்களைப் பற்றி நன்றாகவே உணர்கிறார்கள். அவர்களுடைய உயர்ந்த தன்மதிப்பு சோர்வுக்கு ஒரு தடுப்பாக இருக்கிறது. இன்னொரு வகையினர் உள்ளுக்குள் நொறுங்கக்கூடியவர்கள். தனக்குச் சேரவேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்ற வலி, சின்ன விமர்சனத்தையும் தாங்க முடியாமை, பொறாமை, ஒதுங்கல். இவர்களிடம் மனச்சோர்வு மிகச் சாதாரணம். இரண்டு வகைக்கும் பொதுவாக இருப்பது பிறர்மேல் உள்ள பகைமை, வித்தியாசப்படுத்துவது கலக்கம். முதல் வகையினரும் என்றைக்குமே தப்பித்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. பதவி போவது, உடல் தளர்வது, துணை விட்டுப்போவது என்று அவர்களுடைய உயர்வுக்கு முட்டுக்கொடுத்தது சரியும்போது, அதே மனிதர் மிக மோசமாக விழுவதுண்டு. கேட்டவருடைய அண்ணனுக்கு வேலை போனதற்கு முன்பா பின்பா நிலைமை மோசமானது என்பதை நான் முதலில் விசாரிப்பேன்.

சரி, குணம் எப்படி நோயைக் கொண்டுவருகிறது? பிறவியிலேயே இரண்டுக்கும் பொதுவான வேர் இருக்கலாம். இரட்டையர் ஆய்வுகளில் கலக்கக் குணத்துக்கும் மனச்சோர்வுக்கும் மரபுவழிப் பங்கு கணிசமாகப் பொதுவாக இருப்பது தெரிந்திருக்கிறது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அன்றாட வாழ்க்கை வழியாக நடப்பது.

கான்ஸ்டன்ஸ் ஹாமன் என்ற உளவியலாளர் 1991இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மனச்சோர்வு வரலாறு உள்ள பெண்களின் வாழ்க்கையில், மற்றவர்களைவிட அதிகத் துன்ப நிகழ்வுகள் நடந்திருந்தன. அவற்றில் குறிப்பாகக் கூடுதலாக இருந்தவை, ஓரளவு அவர்களுடைய செயலாலும் உருவானவை: சண்டைகள், உறவு முறிவுகள். துன்பம் வந்து மனிதரைச் சோர்வாக்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மனிதரும் தன்னை அறியாமல் அந்தத் துன்பத்தைத் தயாரிக்கிறார் என்பதுதான் அவர் காட்டிய புது வழி. பகைமைக் குணம் உள்ளவருக்கு இது இன்னும் பொருந்தும். மேலதிகாரியிடம் முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறார், வேலை போகிறது. நண்பரைச் சந்தேகப்படுகிறார், நண்பர் விலகுகிறார். விலகியதைப் பார்த்து 'நான் நினைத்தது சரிதான்' என்று இன்னும் இறுகுகிறார். பத்துப் பதினைந்து வருடங்களில் சுற்றிலும் ஆளே இல்லை. தனிமை, வேலையின்மை, முறிந்த குடும்பம் ஆகிய மூன்றும் யாரையும் சோர்வில் தள்ளக்கூடியவை. அவர் எவ்வளவு கல்நெஞ்சக்காரராக இருந்தாலும்.

குழந்தைப் பருவத்திலும் இதே பாதையைக் கண்டிருக்கிறார்கள். முரட்டுத்தனம் காட்டும் பிள்ளையைச் சக பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள், படிப்பும் பின்தங்குகிறது, இந்த இரட்டைத் தோல்வி பின்னாளில் சோர்வாகிறது என்று ஜெரால்ட் பேட்டர்சனும் அவருடைய சகாக்களும் 1990களிலேயே விளக்கினார்கள். அப்புறம் 2009இல் ஸ்ட்ரிங்காரிஸ், குட்மன் என்ற இருவர், அடங்காத பிள்ளைகளின் குணத்தை எரிச்சல், பிடிவாதம், பிறரைப் புண்படுத்துதல் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பின்னால் பதற்றத்துக்கும் சோர்வுக்கும் கொண்டுபோனது எரிச்சல். மற்ற இரண்டும் நடத்தைக் கோளாறுகளின் பக்கம் சாய்ந்தன. சூடு, குளிர் என்று நான் மேலே சொன்ன பிரிவு சிறுவயதிலேயே தெரிய ஆரம்பிக்கிறது. எப்போது பார்த்தாலும் சிடுசிடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை 'திமிர்' என்று மட்டும் எழுதி ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உள்ளே நடப்பதும் ஒன்று உண்டு. பழைய அவமானத்தைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்ப்பது. சோர்வில் இருப்பவர் 'நான் ஏன் இப்படி ஆனேன்' என்று அசைபோடுவார். சினத்தில் இருப்பவர் 'அவன் ஏன் எனக்கு அப்படிச் செய்தான்' என்று அசைபோடுவார். இரண்டிலும் தூக்கம் கெடும், இரண்டிலும் மனம் அதே இடத்தில் சுற்றும், ஒன்று மற்றொன்றாக மாறுவதும் சுலபம். இதில் வெட்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜூன் டாங்னியின் 1992ஆம் ஆண்டு ஆய்வில், எளிதில் வெட்கி உள்ளொடுங்குகிறவர்களிடம்தான் கோபமும் சந்தேகமும் பிறர்மேல் பழிபோடுவதும் அதிகமாக இருந்தன. 'நான் செய்தது தப்பு' என்று குற்றவுணர்ச்சி கொள்கிறவர்கள் அவ்வளவு கோபப்படுவதில்லை. 'நானே உருப்படாதவன்' என்ற வெட்கம்தான் தாங்க முடியாமல் அடுத்தவர்மேல் பாய்கிறது. வீட்டில் எல்லோரையும் கரித்துக் கொட்டுகிற மனிதர், இரவில் தனியாக இருக்கும்போது தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறார் என்று கேட்டால் வரும் பதில் பல குடும்பங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

இனி எதிர்த் திசை. நோயே குணம்போல வேஷம் கட்டி வருவது. வீட்டார் நம்ப மறுப்பது இதனால்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லூயிஸ் ஜட் குழுவினர் 2013இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், மனச்சோர்வோடு வந்த 536 பேரில் 54.5 சதவீதத்தினரிடம் வெளிப்படையான எரிச்சலோ கோபமோ இருந்தது. பாதிக்கும் மேல்! அவர்களுக்கு நோயின் கடுமையும் அதிகம், அது நீடித்த காலமும் அதிகம். இதற்கு முன்பே மவுரிசியோ ஃபாவா குழுவினர், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் திடீர்க் கோபத் தாக்குதல்கள் வருவதை எழுதியிருக்கிறார்கள். சின்னக் காரணத்துக்கு நெஞ்சு படபடக்க, முகம் சிவக்க, தன் இயல்புக்கே பொருந்தாத அளவு கத்தித் தீர்ப்பது. அடங்கியதும் அவர்களே வருந்துகிறார்கள். இவ்வளவு இருந்தும், டிஎஸ்எம்-5இல் எரிச்சல் மிகுந்த மனநிலையைச் சோர்வான மனநிலைக்கு ஈடாக எடுத்துக்கொள்வது குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மட்டும்தான். பெரியவர்களுக்கான அடிப்படை அறிகுறியில் அது இல்லை. அது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். அழாத, ஆனால் எரிந்து விழுகிற பெரியவர்களுடைய நோய் இதனால் பல சமயம் கண்ணில் படாமலே போகிறது.

இன்னொன்று. சோர்வில் இருக்கும்போது ஒருவரிடம் குணத்தை அளக்கும் வினாத்தாளைக் கொடுத்தால், அவர் தன்னையும் உலகத்தையும் அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்து எழுதுவார். நோய் தணிந்த பிறகு அதே ஆள் வேறு மாதிரி எழுதுவார். அதனால் சோர்வு உச்சத்தில் இருக்கும்போது 'இவருக்கு ஆளுமைக் கோளாறு' என்று முத்திரை குத்த நல்ல மருத்துவர்கள் தயங்குவார்கள். பொறுப்பில்லாமல் காட்டும் தயக்கம் அல்ல அது.

அப்படியானால் கேட்டவருடைய அண்ணன் விஷயத்தில் பிரித்தறிவது எப்படி? காலம்தான் நல்ல சாட்சி. பதினெட்டு வயதிலும் இப்படித்தானா, சோர்வு இல்லாத நல்ல வருடங்களிலும் இப்படித்தானா என்று பாருங்கள். அப்போதும் இதே எடுத்தெறிதல், இதே அவநம்பிக்கை என்றால் அது குணம். சில மாதங்களில் கூடியது எவ்வளவோ அது நோய். கேள்வியில் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே இருக்கிறது: அடியில் பழைய குணம், அதன்மேல் புதிதாக வந்த சோர்வு. தூக்கம், பசி, முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வம், உடல் களைப்பு, வாழ்வதில் சலிப்பு இவை மாறியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். பழைய குணம் மட்டுமே திடீரென்று தூக்கத்தைக் கெடுக்காது, பசியை அடைக்காது. சூழ்ச்சிக்காரராக இருப்பதால் யாருக்கும் எடை குறைவதில்லை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றும் உண்டு. எரிச்சலோடு தூக்கமே தேவைப்படாத சுறுசுறுப்பு, வேகமான பேச்சு, கண்டபடி செலவு என்று நாட்கணக்கில் எப்போதாவது இருந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். சோர்வும் மிகையான எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயாக இருந்தால் மருந்தே மாறும். குடி, தைராய்டு கோளாறு இரண்டையும் விசாரிப்பதும் வழக்கம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மாத்திரை குணத்தை மாற்றுமா?

சூடான பக்கத்தைக் கணிசமாக மாற்றக்கூடும். ஃபாவா குழுவினரின் ஆய்வுகளில், மனச்சோர்வுக்கான மருந்து எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கோபத் தாக்குதல்கள் நின்றன. பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2017இல், சிகிச்சையால் குணம் மாறுமா என்று 207 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக 24 வாரச் சிகிச்சையிலேயே மாற்றம் தெரிந்தது. மிக அதிகம் மாறியது எளிதில் கலங்கும் குணம். இரக்கம், நேர்மை, பிறரை மதிப்பது போன்றவை மாத்திரையால் வருவதில்லை. அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். ஆனால் சினமும் தூக்கமின்மையும் தணிந்த மனிதரோடு உட்கார்ந்து பேச முடியும் என்பதே பெரிய லாபம்.

பேச்சு சிகிச்சை இல்லாமல் அடுத்த படி நடக்காது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பகைமைக் குணம் உள்ளவர் சிகிச்சையாளரையும் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பரீட்சை வைப்பார், மட்டம் தட்டுவார், பாதியில் நிறுத்திவிடுவார். நீண்டகாலச் சோர்வு உள்ளவர்களுக்கென்றே ஜேம்ஸ் மெக்கல்லோ உருவாக்கிய சிபிஏஎஸ்பி என்ற முறை இதை நேரடியாகவே கையாள்கிறது. நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்வார்கள். என்ன நடந்தது, நீங்கள் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டீர்கள், என்ன சொன்னீர்கள், முடிவு என்ன ஆயிற்று, நீங்கள் விரும்பிய முடிவு என்ன, அது கிடைத்ததா? ஏன் கிடைக்கவில்லை? 'நீங்கள் கெட்டவர்' என்று யாரும் சொல்வதில்லை. தன் பேச்சு தன் விருப்பத்துக்கே குறுக்கே நிற்பதை அவரே பார்க்கிறார். அவர் பேசியது தன்னை எப்படித் தாக்கியது என்பதையும் சிகிச்சையாளர் நிதானமாகச் சொல்வார். 2000ஆம் ஆண்டு மார்ட்டின் கெல்லர் குழுவினர், நாட்பட்ட சோர்வு உள்ள 681 பேரை வைத்து இந்த முறையைச் சோதித்தார்கள். 12 வார முடிவில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 48 சதவீதம், இந்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 73 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. அதில் பயன்பட்ட நெஃபசோடோன் என்ற மருந்து பின்னாளில் கல்லீரல் பாதிப்பு காரணமாகப் பல நாடுகளில் விலக்கப்பட்டது. ஆனால் மருந்தும் பேச்சும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட மேல் என்ற பாடம் இன்றைக்கும் நிற்கிறது.

வீட்டார் என்ன செய்வது? அவர் கொந்தளிக்கும் நேரத்தில் நோயைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். "உங்களுக்குத்தான் மனநோய் இருக்கிறதே" என்பது அவர் காதில் அவமானமாகத்தான் விழும். அடங்கிய நேரத்தில், "அண்ணா, நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? முகமே வாடிப்போச்சு" என்று உடம்பில் தெரிவதைச் சொல்லித் தொடங்குங்கள். குணத்தைப் பற்றிய பேச்சைச் சிகிச்சையாளரிடம் விட்டுவிடுங்கள். அதே சமயம், நோய் என்பதற்காக வசவையும் அடியையும் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. "நீங்க இப்படிப் பேசினா நான் எழுந்து போயிடுவேன், அப்புறம் வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி எழுந்து போகலாம், திரும்பியும் வரலாம். கைநீட்டும் அளவுக்குப் போனால் முதலில் உங்கள் பாதுகாப்பு, அதற்கப்புறம்தான் சிகிச்சை.

சோர்வும் சினமும் ஒருவரிடம் ஒன்றாக இருப்பது தற்கொலை ஆபத்தைக் கூட்டும். 'எல்லாரும் நிம்மதியா இருங்க, நான் போறேன்' என்று அவர் கத்தும்போது அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.